கரையும் கரைகாரரும்: பழனிமலை நீர்நிலைகள் குறித்து ஒரு நோக்கு

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியைத் தமிழ் படித்தார் யாவரும் அறிவர். பள்ளிப் பாடநூல் முதல் பட்டிமன்ற மேடை வரை கொடைமடத்துக்கு எடுத்துக்காட்டாக அச்செய்தியே வந்து நிற்கிறது. ஆயினும் அவன் ஆண்ட மலை எது, அம்மலைக்கு இன்று நேர்ந்திருப்பது என்ன என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது. பேகனின் மலை பழனிமலைத் தொடரே ஆகும். அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் குறிப்பிடும் பொதினி இன்றைய பழனி என்பது அறிஞர் துணிபு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் வள்ளல்கள் எழுவரையும் வரிசைப்படுத்துங்கால் பேகனையே முதற்கண் வைக்கிறார். அவன் மலையைச் சுட்டும்போது மழை பிழையாத வளமுடையது என்னும் கருத்துப்படச் சுட்டுகிறார். பரணரோ புறநானூற்றில் பேகனின் கொடையை, வற்றிய குளத்திலும் வயலிலும் களர்நிலத்திலும் வேறுபாடு பாராது பெய்யும் மழைக்கு ஒப்பிட்டார். மயிலும் மழையும் ஒரே மலையின் இரு செல்வங்களாக அப்புலவர்களுக்குத் தோன்றியிருக்கின்றன.

அம்மலையின் மேல் இன்று ஏரிகள் உள்ளன. ஓடைகளும் சதுப்புகளும் சோலைகளும் உள்ளன. அவற்றின் கரைகளையும், அக்கரைகளை நம்பி வாழும் உயிர்களையும் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள். அறிவியலார் பலர் தத்தம் துறையில் நின்று இதனை ஆராய்ந்துள்ளனர். தமிழ்த்துறையைச் சார்ந்தவன் என்ற முறையில் யான் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய விரும்புகிறேன். அச்சொல் 'கரை' என்பதாகும்.

கரை என்னும் சொல்

நீர்நிலையின் ஓரம் கரை எனப்படும். ஆடையின் ஓரமும் கரையே. இவை எல்லாரும் அறிந்த பொருள்கள். இவற்றோடு மற்றொரு பொருளும் உண்டு. பழைய காணியாட்சி ஊர்களில், ஊர்ப்பொதுவாக இருந்த நிலத்தின் பங்குக்கும் கரை என்றே பெயர். அந்நிலத்தைக் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்காளிகள் தமக்குள் மாற்றிப் பிரித்துக்கொள்வது கரையீடு எனப்பட்டது. இன்றும் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் ஊர்த் திருவிழா அழைப்பிதழ்களில் 'நான்கு கரைப் பங்காளிகள்', 'ஏழு கரைப் பங்காளிகள்' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். கரைகாரர் என்றால் பங்கும் பொறுப்பும் ஒருங்கே உடையவர் என்பது பொருள். வேர் ஒன்றோ இரண்டோ, நீரின் ஓரத்தைக் குறிக்கும் சொல்லும் ஊர்ப்பங்கைக் குறிக்கும் சொல்லும் ஓரொலியாய் வழங்கிய அந்த ஊர்களில், கண்மாய்க் கரைக்கு மண் போடுவது பங்குடையார் கடமையாகவே இருந்தது.

குடிமராமத்து என்பது அக்கடமைக்கு வழங்கிய பெயர். கோடையில் வண்டல் அள்ளுதல், கரையை உயர்த்துதல், மடையையும் கலிங்கையும் செப்பனிடுதல், வரத்துக்காலைத் தூர்வாருதல் ஆகிய பணிகளை ஊரார் தம் உழைப்பால் நிறைவேற்றினர். உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்னும் குழுவுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் இம்முறை தளர்ந்தபோது, 1858இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. உரிமையைத் தன்பால் வைத்துக்கொண்டு உழைப்பை மட்டும் மக்களிடம் கேட்ட அச்சட்டம் ஏட்டில் இருந்த அளவுக்கு ஏரிக்கரையில் இருந்ததில்லை.

நம் பள்ளிவாசல்களில் ஒளுச் செய்யும் தடாகத்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அதற்குக் காவலர் இல்லை. அறிவிப்புப் பலகையும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் அதில் எவரும் எச்சில் உமிழ்வதில்லை. அடுத்த தொழுகைக்கு அந்நீரிலேயே முகம் கழுவப் போகிறவர்கள் அவர்கள். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கு. அங்குள்ள அரபுச் சொல் கூட்டாளிகள், பங்குடையோர் என்னும் பொருளது. நம் தென்பாண்டி வழக்கில் சொன்னால் கரைகாரர்கள். நீரையும் புல்லையும் அங்கு அடுத்தடுத்து வைத்திருப்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பழனிமலையில் அவ்விரண்டும் எவ்வாறு பிரிக்க இயலாதனவாக உள்ளன என்பதைப் பின்னர்க் காண்போம்.

எழுதிக் கொடுத்த உரிமை

கரைகாரர் காத்த நீர்நிலைக்குத் தமிழகத்தில் தலையாய சான்று வேடந்தாங்கல். செங்கற்பட்டுக்கு அருகே ஏறத்தாழ 74 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரிக்கு ஆண்டுதோறும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் முதலிய பறவைகள் வந்து நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் ஏரி நீரில் கலந்து வயலுக்குப் பாய, நெல் செழிப்பதை ஊரார் கண்டனர். வேட்டைக்கு வந்த வெள்ளையர் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் வாளாவிருக்கவில்லை. அன்றைய ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, அங்கே பறவைகளைச் சுடலாகாது என்னும் ஆணையை 1798இல் எழுத்தில் பெற்றனர். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வந்ததோ 1972இல்தான். 2022இல் அந்த ஏரி ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. வேடர் தங்கிய ஊர் என்று பொருள்படும் பெயரையுடைய ஊரே வேட்டையைத் தடுக்க மனுக் கொடுத்தது என்பதும் சுவையான செய்தி.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப் பறவைகள் காப்பிடத்தைச் சூழ்ந்த கொள்ளுக்குடிப்பட்டி மக்களோ தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளுக்கு அது எத்துணை பெரிய இழப்பு என்பதை எண்ணினால், சட்டத்தால் இதனைப் பெற முடியாது என்பது தெளிவாகும்.

இவ்விரு ஊர்களும் சமவெளி ஊர்கள். அந்நீர் அங்கேயே நின்று அங்கேயே பாய்கிறது. கரையில் இருப்பவரும் நீரைப் பயன்கொள்பவரும் ஒருவரே. மலையில் நிலைமை அவ்வாறில்லை. அங்கே கரை ஓரிடத்திலும், அந்நீரைக் குடிப்பவர் ஐம்பது கல் தொலைவிலும் உள்ளனர்.

லெவிஞ்சின் ஏரி

கொடைக்கானல் ஏரி தொன்மையான ஏரி அன்று. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் என்பார், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் ஓடைகள் கூடும் சதுப்பு நிலத்தில் கரையெழுப்பி 1863இல் உருவாக்கியது அது. அதற்குத் தம் சொந்தப் பணத்தையும் அவர் செலவிட்டார். ஓய்வு பெற்றபின் அவ்வூரிலேயே குடியமர்ந்தார். அதற்கு முன்பே 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி அங்கு வீடு கட்டிக் குடியேறியிருந்தனர். 1890இல் ஏரிக்கரையில் படகுக் குழாம் அமைந்தது.

லெவிஞ்சின் நோக்கத்தைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் அந்த ஏரி பிறந்த நாளிலேயே அதற்கு ஒரு குறை இருந்தது. அதற்கு மடை இல்லை. மடை திறந்து பாய வேண்டிய வயல் இல்லை. வயலுக்குரிய கரைகாரர் இல்லை. அழகுக்கெனவும் பொழுதுபோக்குக்கெனவும் அமைந்த நீர் அது. இன்றும் கொடைக்கானல் நகரத்தார் குடிப்பது அப்சர்வேட்டரி நீர்த்தேக்கத்தின் நீரும் மனோரஞ்சிதம் அணையின் நீரும் ஆகும். தான் குடியாத நீரில் தன் வீட்டுக் கழிவுநீர் கலப்பதைப் பொறுத்துக்கொள்வது மனித இயல்பு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகை 36,501. கோடைக்காலத்தில் வந்து தங்குவோர் தொகை அதனினும் பன்மடங்கு. தங்குமனைகள் பெருகிய அளவுக்குக் கழிவுநீர் வழிகள் பெருகவில்லை. கழிவில் உள்ள சத்துகளை உண்டு நீர்க்களைகள் தழைப்பதும், அவற்றை இயந்திரம் கொண்டு அகற்றுவதும், மீண்டும் அவை தழைப்பதும் அங்கு வழக்கமான காட்சி. கரை நெடுகத் தார்ச்சாலையும் கடைகளும் வந்துவிட்டபின், நாணலும் கோரையும் நின்று நீரை வடிகட்டிய சேற்றுக்கரை ஏறத்தாழ இல்லாதொழிந்தது. நீர்க்கோழிக்கும் தவளைக்கும் அந்தச் சேற்றுக்கரையே வீடு.

ஆண்டுதோறும் நம் மாணவர்கள் சுற்றுலாவாக அங்குச் செல்கின்றனர். படகில் செல்கின்றனர், இறங்கி வரும் வழியில் வெள்ளி அருவியின்முன் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். அந்த அருவியில் விழுவது அந்த ஏரியின் மறுகால் நீரே என்பதை அவர்களுள் எத்துணைப் பேர் அறிவர்?

இதற்கு எதிர்நிலையில் உள்ளது பேரிஜம். கொடைக்கானலிலிருந்து காட்டுவழியே சென்றால் வரும் இந்த ஏரி, மலையடிவாரத்துப் பெரியகுளம் நகருக்குக் குடிநீர் தருகிறது. வனத்துறையின் அனுமதிச் சீட்டின்றி அங்குச் செல்ல இயலாது. கரையில் கடைகள் இல்லை, விடுதிகள் இல்லை. சோலையும் காடும் நீர்விளிம்பு வரை இறங்கி வருகின்றன. காட்டெருமைகள் வந்து நீர் அருந்துகின்றன. (காட்டெருமை என இன்று நாம் வழங்கும் அவ்விலங்கு எருமை இனத்தது அன்று, மாட்டினத்தது. ஆமான் என்னும் சங்கத் தமிழ்ப் பெயரே அதற்கு ஏற்புடையது. நாளிதழ்கள் அதனை மீட்டெடுத்தால் நன்று.) பேரிஜத்தின் தூய்மைக்குக் காரணம் வனத்துறையின் வாயிற்கதவு என்பது உண்மையே. ஆனால் அக்கதவு உறுதியாக நிற்பதற்குக் கீழே ஒரு நகரம் அந்நீரைக் குடிக்கிறது என்பதும் வலுவான காரணமாகும். பெரியகுளத்தார் பேரிஜத்தின் கரைகாரர்கள். அவர்களுட் பலர் தம் பங்கைப் பற்றி எண்ணிப் பார்த்ததில்லை என்பதே இரங்கத்தக்கது.

புல்லும் நீரும்

பழனிமலைத் தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கி நீண்ட கிளை. அதன் வடசரிவில் இறங்கும் பாலாறு, பொருந்தலாறு, குதிரையாறு, பரப்பலாறு முதலியன அமராவதி வழியே காவிரியைச் சேரும் நீர்கள். தென்சரிவிலும் கீழ்ச்சரிவிலும் இறங்கும் வராகநதி, மஞ்சளாறு, மருதாநதி ஆகியன வைகையின் பக்கத்தன. பழனி, ஒட்டன்சத்திரம், தேவதானப்பட்டி, அய்யம்பாளையம் ஆகிய ஊர்ப்புறங்களில் உள்ள அணைகள் எல்லாம் இந்த ஒரு மலையை நம்பியே நிற்கின்றன.

இம்மலையின் உச்சிப்பகுதி இரண்டு வகை இயற்கையால் ஆனது. மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. சோலை என்னும் நம் சொல்லையே ஆங்கிலேயர் அப்படியே எடுத்துக்கொண்டு அவ்வகைக் காட்டுக்குப் பெயராக்கினர். உலக அறிவியல் நூல்களில் இன்று அது நிலைத்துவிட்டது. மழையும் மூடுபனியும் புல்லின் வேரடியில் உள்ள கருமண்ணில் ஊறி, மெல்லக் கசிந்து, சோலையின் மடியில் ஓடையாகத் திரண்டு, மழையற்ற மாதங்களிலும் வற்றாது இறங்குகின்றன. ஆகவே இம்மலையில் நீரின் கரை ஏரியின் ஓரத்தோடு முடிவதில்லை. புல்வெளி முழுவதும் அதன் கரையே எனக் கொள்ள வேண்டும்.

அப்புல்வெளியை வெற்றுநிலம் எனக் கருதியது முதல் ஆங்கிலேயரும், அவர்க்குப்பின் நம்மவரும் செய்த பிழை. தோல் பதனிடும் பட்டைக்கெனச் சீகை மரமும், விறகுக்கும் கூழுக்கும் எனத் தைலமரமும் பைனும் அங்கே நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பணி பெருமளவில் நடந்தது. மரம் நடுவது நல்லறம் எனக் கேட்டு வளர்ந்த நமக்கு, மரம் நட்டதே கேடாயிற்று என்னும் செய்தி வியப்பளிக்கும். 1973க்கும் 2014க்கும் இடையே பழனிமலை உச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது எனச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்து 2018இல் வெளியான ஆய்வொன்று கண்டது. காரணங்கள் இம்மரத்தோட்டங்களும் வேளாண்மையுமே. நீலகிரியில் கிளன்மார்கன் என்னுமிடத்தில் புல்வெளியில் தைலமரம் நட்டு அளந்து பார்த்தபோது, முதற் பத்தாண்டுகளில் ஓடைநீர் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. பழனிமலைக்கும் நீலகிரிக்கும் மண்ணும் மழையும் பெரிதும் ஒத்தவை.

புல்லை இழந்த ஆமான்கள் நகரின் புல்தரைகளையும் தோட்டங்களையும் நாடி வருகின்றன; தெருவில் அவை மனிதரை முட்டும் செய்தியும் வருகிறது. சங்கப் புலவர் வருடை எனப் பாடிய வரையாட்டுக்குப் பாறைச்சரிவும் புல்லுமே உலகம். சோலைக்குள் வாழும் சிறு பறவைகள் சில இவ்வுயர் மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் ஒன்றான பழனிச் சிரிப்பான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலையில் பணியாற்றிய ஃபேர்பேங்க் என்னும் மிஷனரியின் பெயரால் அறிவியலில் வழங்கப்படுகிறது.

பங்கை உணர்ந்தவர்கள்

1985இல் கொடைக்கானலில் பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் தோன்றியது. ஊர்வாசிகள் சிலர் கூடி அமைத்த இம்மன்றம் நாற்றங்கால்கள் அமைத்தது. சிற்றூர்களில் கன்றுகள் வழங்கியது. வேண்டுமிடத்து நீதிமன்றமும் சென்றது. கட்டட விதிகளை மீறி ஏழு மாடிகளாக எழுந்த விடுதியொன்றை எதிர்த்து அது தொடுத்த வழக்கு 1995இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது; மிகையாக எழுந்த மாடிகள் இடிக்கப்பட்டன. மலையில் ஒரு மாடி கூடினால் கீழே ஓர் ஓடைக்கு எவ்வளவு கழிவு கூடும் என்று கணக்கிட்டவர்கள் அவர்கள்.

அதனினும் கடுமையானது பாதரச வழக்கு. அமெரிக்காவில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1983இல் கொடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. அது பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. தொழிற்சாலை நின்ற முகட்டின் கீழே பாம்பார் சோலை; அச்சோலையின் நீர் பாம்பாறாகிக் கும்பக்கரை அருவியாகப் பெரியகுளத்தின் பக்கம் இறங்குகிறது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருட்கிடங்கில் கிடப்பதை 2001 மார்ச்சு மாதத்தில் ஊர்மக்களும், பாதுகாப்பு மன்றத்தாரும், கிரீன்பீஸ் இயக்கத்தாரும் வெளிக்கொணர்ந்தனர். அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டில் கொட்டிய நஞ்சு புறப்பட்ட நாட்டுக்கே திரும்பிச் சென்றது உலகில் அரிதாக நடக்கும் நிகழ்ச்சி.

பாதரசத்தின் இயல்பை இங்கு அறிந்துகொள்வது நலம். அது அறை வெப்பத்திலேயே ஆவியாகும். காற்றோடு சென்று குளிர்ந்த இடத்தில் படியும். நீர்நிலையின் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய வடிவுக்கு மாற்றுகின்றன. அது சிற்றுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், மீனிலிருந்து அதனை உண்ணும் பறவைக்கும் மனிதனுக்கும் செல்லுந்தோறும் செறிந்துகொண்டே போகும். அணுசக்தித் துறையைச் சார்ந்த ஐதராபாத் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் உண்டு எனக் கண்டது. அழகுக்கெனக் கட்டிய ஏரி அதற்குள் தன் பங்கைப் பெற்றுவிட்டது.

ஆலையில் பணியாற்றிய தொழிலாளரின் வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் என்னும் சென்னைப் பாடகி அதனைப் பொருளாக்கிப் பாடிய ஆங்கிலப் பாட்டு உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பதினைந்து ஆண்டுகள் விடாது நின்றவர்கள் அந்த ஊழியர்களும் ஊராருமே. மண்ணில் எஞ்சிய நஞ்சை எவ்வளவு அகற்றினால் போதும் என்னும் வாதம் அதன்பின்னும் தொடர்ந்தது.

சந்தடியின்றி நடந்த வேறொரு பணியும் சொல்லத்தக்கது. 1980களில் இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கிய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்னும் இருவர், சோலை மரங்களின் விதைகளைத் திரட்டி நாற்றங்கால் அமைத்தனர். வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை அவ்வாறு உருவாயிற்று. சோலை மரங்களின் விதைகள் முளைப்பது எளிதன்று. பறவையின் வயிற்றில் புகுந்து வந்தாலன்றி முளையாதனவும் உண்டு. பழனிமலைக்கே உரிய அரிய உருத்திராக்க இனத்து மரமொன்றையும் அவர்கள் நாற்றாக்கி வளர்த்தனர். முதிர்ந்த சீகை, பைன் தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமே முளைத்தெழுவதைக் கண்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால் அக்கன்றுகளும் மடியும் என்று அவர்கள் எடுத்துரைத்தனர். இருவரும் இன்று இல்லை. திருச்சி தூய வளனார் கல்லூரி இராப்பினாட் உலர்தாவரகத்தின் அருட்தந்தை கே. எம். மத்தேயு 1999இல் வெளியிட்ட பழனிமலைத் தாவர நூல், இத்தகைய பணிகளுக்கெல்லாம் அகராதி போன்றது. ஒரு கல்லூரியில் இருந்துகொண்டு ஒரு மலைக்குச் செய்யக்கூடிய பணிக்கு அந்நூலே அளவுகோல்.

வேலியும் வாயிலும்

2013இல் தமிழக அரசு 608.95 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கொடைக்கானல் வனவிலங்குக் காப்பகமாக அறிவித்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் காப்பகம் என்றால் வேலி. வேலி என்றால் யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்னும் வினா எழும். இம்மலையின் முதற்குடிகள் பளியரும் புலையரும். தேன், கிழங்கு, கடுக்காய் என்று காட்டின் கரையிலேயே வாழ்ந்தவர்கள். மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் முதலிய மேல்மலை ஊர்களில் உழுதுண்டு வாழ்வோரும் உளர். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டை நுகரும் உரிமையோடு காக்கும் உரிமையையும் கிராம சபைக்கு அளிக்கிறது. கரைகாரர் என்னும் பழஞ்சொல்லின் பொருளைச் சட்டமொழியில் பெயர்த்தாற்போன்றது அது. ஆனால் அச்சட்டத்தை அம்மலையூர்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வேகம் விடுதிகள் எழுந்த வேகத்துக்கு ஈடாகாது.

இஸ்லாமிய மரபில் ஹிமா என்னும் காப்புநிலம் இவ்விடத்து ஒப்பிடத்தக்கது. அறியாமைக் காலத்தில் அது குலத்தலைவன் தன் ஒட்டகங்களுக்கென ஒதுக்கிக்கொண்ட தனி மேய்ச்சல் நிலம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தனியார் உரிமையினின்று நீக்கிப் பொதுநன்மைக்கு உரியதாக்கினார்கள். கிணறு தோண்டியவர்க்கு அதைச் சுற்றி நாற்பது முழ நிலம் கால்நடைகள் தங்கும் பொருட்டு உரியது என்னும் நெறியும் உண்டு. ஹரீம் எனப்படும் இந்நெறி நீர்க்கரைக்குச் சட்டமுறையில் ஓர் அகலம் வகுத்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் காலத்தில் ஹிமா நிலத்துக்குக் காவலரை அமர்த்தியபோது சொன்ன அறிவுரை இன்றும் ஆட்சியாளர் படிக்கத்தக்கது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், பெருமந்தை உடைய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உதுமான் (ரலி) போன்றோர்க்கு முதலிடம் தரவேண்டாம் என்றும் அவர்கள் பணித்தார்கள். அவ்விருவரும் நபித்தோழர்களுள் உயர்ந்தோர். மந்தை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழைக்கு அதுவன்றி வேறில்லை என்பதே காரணம். சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் படைத்த உமறுப்புலவரின் வழிவந்த நமக்கு, உயிரிரக்கமும் ஏழைக்கிரங்கலும் இருவேறு அறங்களாகத் தோன்ற வேண்டியதில்லை.

உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு மின்னணு நுழைவுச்சீட்டு கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என வரம்பும் விதிக்கப்பட்டது. இது வருவோரை எண்ணும் ஏற்பாடு. குடிப்போரை எண்ணும் ஏற்பாடு இதுவரை எழவில்லை. பழனியிலும் பெரியகுளத்திலும் ஒட்டன்சத்திரத்திலும் இருந்துகொண்டு இம்மலைநீரை உண்போர்க்கு மலையில் நடப்பவை குறித்துக் கேட்கும் மன்றம் ஒன்றும் இல்லை. நகராட்சி மலையோடு முடிகிறது. காப்பகம் காட்டோடு முடிகிறது. ஆறு மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேல்மலை ஊர்களின் கிராம சபைகளும் அடிவாரத்துப் பாசனச் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓரிடத்தில் கூடுவதற்கு வழி செய்தால், ஏரி வாரியத்தின் ஒரு சாயலையாவது நாம் மீட்டவர்களாவோம். ஊர்ப்பெரியோரும் ஜமாஅத் தலைவர்களும் கோயில் கரைகாரர்களும் ஒருங்கிருந்து பேசக்கூடிய பொருள் இதனினும் வேறு எளிதில் கிட்டாது.

தமிழ்த்துறைக்கும் இதில் பணி உண்டு. சுனை, ஊற்று, ஓடை, மடு, பள்ளம், கானல், சதுப்பு என்று இம்மலையிலும் அடிவாரத்திலும் நீர்நிலைகளுக்கு வழங்கும் பெயர்களையும், அவற்றின் கரையில் இன்னின்னார்க்கு இன்னின்ன உரிமை, இன்னின்ன கடமை என வாய்மொழியாக வழங்கிய முறைகளையும் முதியோர் பலர் இன்றும் சொல்லக்கூடும். முதுகலை மாணவர்கள் இதனைக் களப்பணியாகக் கொண்டு, ஊர்ப்பெயர், நீர்நிலைப்பெயர், கரைகாரர், கடைசியாக மண் வெட்டிய ஆண்டு என நான்கு பத்திகளில் குறித்துவரலாம். பெரியகுளத்திலிருந்து தொடங்குவது முறை. அங்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, குழாயில் வரும் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது என்பதே.